‘படம் பார்ப்பதற்கு ஒரு ஏ லெவலா?’

கடிதத்தின் சுருக்கம்

லண்டனில், ஹரோ பக்கத்திலிருந்து ஒரு தாய், சிக்ஸ்த் ஃபோர்ம் ஆலோசகரான எனக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். மூத்த மகளுக்கு 16 வயது. ஜூன் மாதம் ஜீசிஎஸ்ஈ (16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) பரீட்சைகளை எழுதி முடித்துவிட்டு ஓகஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்கிறாள். செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபோர்ம், அதாவது ஏ லெவல் படிக்கும் இரண்டு வருடம், தொடங்குகிறது. பள்ளி கணித்திருக்கும் தரங்கள் (9 தான் உச்சம்): ஆங்கில இலக்கியம் 8, வரலாறு 7, கணிதம் 6, கம்பைன்ட் சயன்ஸ் (இரண்டு பாடத்துக்குச் சமமான கூட்டு அறிவியல்) 5-5. அவள் தெரிவு செய்திருக்கும் மூன்று ஏ லெவல் பாடங்கள் ஆங்கில இலக்கியம், உளவியல், ஃபிலிம் ஸ்டடீஸ் என்ற சினிமாப் பாடம்.

கணவர் யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் ஏ லெவல் எழுதியவர். பொறியியலுக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிப் போனது. பிறகு நாட்டை விட்டு வந்து, இங்கே இருபது வருடத்துக்கு மேலாகக் கடை நடத்துகிறார். பாடப் பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து அவர் மகளோடு கதைப்பதில்லை. “படம் பார்ப்பதற்கு ஒரு ஏ லெவலா? அதற்குக் கடையில் வந்து நிற்கட்டும்” என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. மகளும் விடவில்லை. “அப்படியென்றால் ஏ லெவலே வேண்டாம், இஸ்லிங்டனில் சினிமாவுக்கென்றே ஒரு காலேஜ் இருக்கிறது, அங்கே போகிறேன்” என்கிறாளாம்.

தாயின் கேள்விகள் நான்கு. இந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகங்கள் மதிக்குமா? சட்டம் படிக்க ஆசை என்று ஒரு காலத்தில் சொன்னவள், இனி அது முடியாமல் போகுமா? உறவுக்காரப் பையன் ஒருவன் சினிமாப் பட்டப்படிப்பு முடித்து இரண்டு வருடமாக நிரந்தர வேலை இல்லாமல் இருக்கிறானே, இவளுக்கும் அதே கதியா? கடைசிக் கேள்விதான் என்னைத் திடுக்கிட வைத்தது: “அவளுடைய விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். 16 வயதுதானே, நாங்கள்தானே பொறுப்பு. முடிவு வருவதற்குள் ஃபிலிமையும் உளவியலையும் எடுத்துவிட்டு கெமிஸ்ட்ரி, பயோலஜி என்று மாற்றிவிடட்டுமா, அக்கா?”

கடிதத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி. “போன வருடம் அம்மம்மா சமைப்பதை மூன்று நிமிடம் ஃபோனில் எடுத்து வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். அம்மா போன பிறகு அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். இவரும் பார்ப்பார், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்.”

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

அவளுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுவோம். நீங்கள் மாற்றினாலும் அது நிற்காது. முடிவு வெளியாகும் நாளிலோ அதற்கு அடுத்த நாட்களிலோ பிள்ளை நேரில் போய்ச் சேர வேண்டும். ஆசிரியர் ஒருவர் அவளை உட்கார வைத்து, கையில் இருக்கும் முடிவைப் பார்த்து, “இந்த மூன்று பாடமும்தானே?” என்று கேட்பார். அங்கே பேசப்போவது அவள்தான். பெற்றோர் பொறுப்பு 18 வயது வரை உங்களுக்கு உண்டு, உண்மை. ஆனால் இங்கிலாந்தில் ஏ லெவல் பாடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்குள் அடங்குவதில்லை. பள்ளி உங்களை அழைத்துப் பேசும், உங்கள் கவலையைக் கேட்கும். விருப்பமில்லாத பிள்ளையை நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார வைக்காது.

அப்புறம், சயன்ஸில் 5-5 வரும் என்று கணித்திருக்கிறார்கள். பல சிக்ஸ்த் ஃபோர்ம்கள் கெமிஸ்ட்ரி, பயோலஜிக்குக் குறைந்தது 6-6 கேட்கின்றன, சில 7 கேட்கின்றன. விருப்பமும் இல்லாமல், அடித்தளமும் இல்லாமல் அந்தப் பாடங்களுக்குள் தள்ளப்பட்ட பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முன்னரே என் அறைக் கதவைத் தட்டுவார்கள். அதற்குள் வேறு பாடத்துக்கு மாறும் காலம் கடந்திருக்கும். வைத்தியராக வர வேண்டும் என்ற கனவு யாருடையது என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. அவளுடையது அல்ல என்று மட்டும் தெரிகிறது.

கணவர் சொன்ன “கடையில் வந்து நிற்கட்டும்” என்பதும் நடக்காத காரியம். இங்கிலாந்தில் 18 வயது வரை ஏதாவதொரு படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். முழுநேரப் படிப்பு, அப்ரென்டிஸ்ஷிப் என்ற தொழிற்பயிற்சி, அல்லது வேலையோடு சேர்ந்த பகுதிநேரப் படிப்பு என்று மூன்று வழிகள் உண்டு. வெறுமனே கடையில் நிற்பது அதில் ஒன்றல்ல. கோபத்தில் சொன்னதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் மகளுக்கும் அது கோபத்தில் சொன்னது என்று யாராவது சொல்ல வேண்டும்.

நம்முடைய ஏ லெவல் வேறு, இந்த ஏ லெவல் வேறு

நானும் யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் எழுதியவள்தான். அதனால் உங்கள் கணவரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஊரில் பிரிவுதான் தலைவிதி. உயிரியல் பிரிவு என்றால் மருத்துவம், கணிதப் பிரிவு என்றால் பொறியியல். அது கிடைக்காதவர்களுக்கு வர்த்தகம், அதுவும் இல்லாதவர்களுக்குக் கலை என்று வீட்டிலும் ரியூசன் கொட்டகையிலும் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். 16 வயதில் கலைப்பிரிவுக்குப் போன பிள்ளை பிறகு நினைத்தாலும் மருத்துவ பீடத்துக்குத் திரும்ப முடியாது. அதன் பிறகும் வெட்டுப்புள்ளி. பரீட்சை மண்டபத்தில் ஒரு கேள்வி பிழைத்ததற்காக வாழ்க்கை வேறு திசையில் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! உங்கள் கணவரும் அவர்களில் ஒருவர். மகளின் பட்டியலில் அந்தப் பாடத்தைக் கண்டதும் அவருக்குத் தன் பெயர் இல்லாத அந்தப் பழைய பட்டியல் நினைவுக்கு வந்திருக்கும்.

இங்கே பிரிவு என்று ஒன்று இல்லை. மூன்று பாடங்களை எந்தச் சேர்க்கையிலும் எடுக்கலாம். கெமிஸ்ட்ரி, பயோலஜியோடு ஃபிலிமை மூன்றாவது பாடமாக எடுத்து மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க இடம்தரும் மருத்துவக் கல்லூரிகள்கூட உண்டு. ஆகவே ‘ஃபிலிம் எடுத்தால் கலைப்பிரிவு, கலைப்பிரிவு என்றால் முடிந்தது’ என்ற கணக்கு இந்த நாட்டுக்குப் பொருந்தாது. ஒரு பாடத்தைத் தனியாக எடுத்து நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரிலேயே ‘நாடகமும் அரங்கியலும்’ ஏ லெவலுக்கு ஒரு பாடம். எத்தனையோ பிள்ளைகள் அதை எழுதிப் பல்கலைக்கழகம் போயிருக்கிறார்கள். கூத்தையும் நாடகத்தையும் பாடமாக ஏற்றுக்கொண்ட நமக்கு, சினிமாவை மட்டும் ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருப்பது ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். சினிமா நம் வீட்டுக்குள் ஓய்வு நேரத்தில் வந்த பொருள். சாப்பிட்டபடி, அரைத் தூக்கத்தில் பார்த்த ஒன்றை யாராவது பரீட்சை எழுதிப் படிப்பார்களா என்று தோன்றுகிறது. அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் என்னதான் நடக்கிறது

இங்கிலாந்தில் இந்தப் பாடத்தை எடுகாஸ், ஓசிஆர் என்ற இரண்டு பரீட்சை வாரியங்கள் நடத்துகின்றன. இரண்டிலும் மதிப்பெண்ணில் 70% இரண்டு எழுத்துப் பரீட்சைகளுக்கு, 30% பிள்ளை தானே செய்யும் படைப்புக்கு. இரண்டு வருடப் படிப்பின் முடிவில்தான் அந்த எழுத்துப் பரீட்சைகள். அதாவது இது பெரும்பகுதி கட்டுரை எழுதும் பாடம். கமரா தூக்கும் பாடம் என்று நினைத்து வந்து ஏமாறும் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டம்பரிலும் இருக்கிறார்கள்.

2017 இல் கற்பிக்கத் தொடங்கிய எடுகாஸ் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு முழுநீளப் படங்கள், அவற்றோடு குறும்படங்கள். 1930 முதல் 1990 வரையான ஹொலிவூட், அண்மைக்கால அமெரிக்கப் படங்கள், பிரிட்டிஷ் படங்கள், ஐரோப்பாவிலிருந்து ஒன்று, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஒன்று, ஓர் ஆவணப்படம், பேசாப்படக் காலம், பரிசோதனைப் படம். ஒவ்வொன்றையும் பல தடவை பார்க்க வேண்டும். ஒளி எங்கிருந்து விழுகிறது, கமரா ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது, வெட்டு ஏன் அந்த நொடியில் வருகிறது, இந்தக் கதை யாருடைய கண்ணால் சொல்லப்படுகிறது, பார்ப்பவரை யார் பக்கம் சாய்க்கிறது என்று காட்சி காட்சியாகப் பிரித்து எழுத வேண்டும். ஷேக்ஸ்பியர் வரிகளைப் பிரிக்கும் அதே உழைப்புத்தான். ஆங்கில இலக்கியத்தில் 8 வாங்கக்கூடிய பிள்ளைக்கு இது இயல்பாக வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கணவருக்கும் சொல்லுங்கள். நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் ஒரு நடிகரின் முகத்தை எடுத்தார். எந்த உணர்ச்சியும் இல்லாத முகம். அதை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார், பிறகு ஒரு சவப்பெட்டிக்குப் பக்கத்தில், பிறகு ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துயரத்தையும் மூன்றாவதில் ஆசையையும் கண்டதாகச் சொல்வார்கள். முகம் மாறவே இல்லை, பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது. இன்று செய்தித் தொலைக்காட்சியும், தேர்தல் விளம்பரமும், உங்கள் ஃபோனில் வந்து விழும் முப்பது நொடி வீடியோவும் இதே வித்தையைத்தான் செய்கின்றன. ஒரு 16 வயதுப் பிள்ளை இதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது வீண் என்று என்னால் ஒருபோதும் சொல்ல முடியாது.

மீதி 30 சதவீதம்தான் அவளை இழுக்கிறது என்று நினைக்கிறேன். எடுகாஸில் அது நான்கைந்து நிமிடக் குறும்படம், அல்லது ஒரு குறுந்திரைக்கதையும், காட்சிகளை வரிசையாகக் காட்டும் புகைப்படங்களால் ஆன ஸ்டோரிபோர்டும். அதோடு, ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்கும் 1600 முதல் 1800 சொற்கள் கொண்ட கட்டுரை. அம்மம்மாவின் மூன்று நிமிடத்தை எடுத்தவளுக்கு முதல் பாதி வரும். இரண்டாவது பாதி, அதை எழுத்தில் விளக்குவது, வருமா என்று அவளே சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைக் கடைசியில் சொல்கிறேன்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரும்பாலான பள்ளிகளில் கமரா, ஒலிவாங்கி, எடிட்டிங் கணினி எல்லாம் இருக்கும். வீட்டில் செய்ய வேண்டுமென்றால் ஃபோனும் இலவச எடிட்டிங் மென்பொருளும் போதும். விலை உயர்ந்த கமராவுக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது. படங்களின் உள்ளடக்கம் உங்களுக்குக் கவலையாக இருந்தால், பட்டியலில் 18 வயதுச் சான்றிதழ் பெற்ற படங்களும் உண்டு. ஆனால் பட்டியலிலிருந்து எதைக் கற்பிப்பது என்று தெரிவு செய்வது ஆசிரியர். எந்தெந்தப் படங்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் படிக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சட்டப் படிப்புக்கு இன்ன ஏ லெவல்தான் வேண்டும் என்று கேட்பதில்லை, தரத்தைத்தான் பார்க்கின்றன. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கிலும் வேறுபாடு கிடையாது. ஏ தரத்துக்கு எந்தப் பாடமானாலும் 48 புள்ளி, ஏ நட்சத்திரத்துக்கு 56. ஆக்ஸ்போர்ட், லண்டனின் யூசிஎல், கிங்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் எல்நாட் என்ற நுழைவுப் பரீட்சை வைக்கின்றன. அதில் சட்ட அறிவைக் கேட்பதில்லை. ஒரு பத்தியை வாசித்து அதன் வாதத்தைப் பிரித்தறிவதும், ஒரு கட்டுரை எழுதுவதும்தான்.

ஆனால் ‘எல்லாப் பாடமும் எல்லோருக்கும் ஒன்றுதான்’ என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ரஸ்ஸல் குரூப் என்ற கூட்டமைப்பிலுள்ள முன்னணிப் பல்கலைக்கழகங்கள் ‘கதவு திறக்கும் பாடங்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருந்தன. ஃபிலிம் அதில் இருந்ததில்லை. அந்தப் பட்டியலை 2019 இல் கைவிட்டார்கள், ஆனாலும் சில இடங்களில் அந்தப் பழைய மனப்பான்மை மிச்சமிருக்கிறது. லண்டன் ஸ்கூல் ஒஃப் எகனொமிக்ஸ் தான் அதிகம் விரும்பாத பாடங்கள் என்று ஒரு பட்டியலை வெளிப்படையாகவே வெளியிட்டு வந்திருக்கிறது. ஃபிலிம் அதில் ஒன்று. அப்படிப்பட்ட பாடம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம், மற்ற இரண்டும் மரபான பாடங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே நடைமுறை. ஆகவே ஃபிலிமும் மீடியாவும் டிராமாவும் சேர்த்து எடுத்திருந்தால் நானே உங்களோடு சேர்ந்து கவலைப்பட்டிருப்பேன். உங்கள் மகள் ஒன்றுதான் எடுத்திருக்கிறாள்.

எனக்கு இடறுவது உளவியல்தான். பிழையான பாடம் அல்ல. ஆனால் வரலாற்றில் 7 எதிர்பார்க்கும் பிள்ளை வரலாற்றை ஏன் விட்டாள்? கேளுங்கள். சிநேகிதி எடுக்கிறாள் என்பதற்காக என்றால், ஆங்கில இலக்கியம், வரலாறு, ஃபிலிம் என்று போவது இன்னும் பலமான மூன்று. சட்டத்துக்கும் பொருந்தும், சினிமாப் பட்டப்படிப்புக்கும் பொருந்தும். உளவியலில் உண்மையான ஆர்வம் என்று அவள் சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். அதுவும் சட்டத்துக்குத் தடையல்ல.

இன்னொரு தகவல். 2021 முதல் சொலிசிட்டர் என்ற சட்டத்தரணி ஆவதற்கு எஸ்கியூஈ என்ற பரீட்சை முறை வந்திருக்கிறது. எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் அதை எழுதலாம், இரண்டு வருடத் தகுதிபெற்ற வேலை அனுபவமும் வேண்டும். சட்டத்தரணியாகும் ஆசை அவளுக்கு 21 வயதில் திரும்பி வந்தாலும் வழி இருக்கிறது.

இஸ்லிங்டன் காலேஜ்

மகள் சொல்வது லண்டன் ஸ்கிரீன் அகடமியாக இருக்க வேண்டும். 2019 இல் திறந்தார்கள், ஹொலிவூட் அளவில் படம் தயாரித்தவர்கள் சேர்ந்து தொடங்கியது, கட்டணம் இல்லை. நல்ல இடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே படிப்பது ஏ லெவல் அல்ல, திரைத்துறைக்கான டிப்ளமோ. மூன்று ஏ லெவலின் இடத்தையும் அந்த ஒரே துறை நிரப்பிவிடும். ‘எனக்குப் படப்பிடிப்புத் தளம்தான், வேறொன்றும் வேண்டாம்’ என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு அது சரியான வழி. சட்டமா சினிமாவா என்று இன்னும் ஊசலாடும் பிள்ளைக்கு 16 வயதில் அவ்வளவு குறுகிய வழி தேவையில்லை என்பது என் கருத்து. கணவரின் பயத்துக்கு இந்த இடத்தில்தான் நியாயம் அதிகம். வேடிக்கை என்னவென்றால், ஏ லெவலில் ஒரு பாடமாக ஃபிலிமை மறுப்பதுதான் அவளை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அவள் உண்மையிலேயே அங்கே போக விரும்புகிறாளா, கோபத்தில் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ஹரோவிலிருந்து தினமும் காலையில் போய்வரத் தயாரா என்று சண்டையில்லாமல் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பதில் வந்துவிடும்.

உறவுக்காரப் பையனும் வேலையும்

அவனுடைய கதை உண்மைதான். திரைத்துறையில் பெரும்பாலான வேலைகள் ஒப்பந்த வேலைகள். ஒரு படம் முடிந்தால் அடுத்த அழைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். 2023 இல் ஹொலிவூட் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, அமெரிக்கப் பணத்தில் ஓடும் பிரிட்டிஷ் படப்பிடிப்புகளும் நின்றன. எத்தனையோ பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். பையன் படிப்பு முடித்து வந்த நேரம் அதுவாகவும் இருக்கலாம். இதை மகளிடம் மறைக்க வேண்டாம். அவனையே ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள், அவளோடு கதைக்கட்டும். அப்பாவின் அறிவுரையைவிட அவனுடைய அனுபவம் அவளுக்குள் இறங்கும்.

ஆனால் அவன் மூன்று வருடம் படித்தது பட்டப்படிப்பு. இவள் எடுப்பது மூன்று ஏ லெவலில் ஒன்று. ஏ லெவலில் ஃபிலிம் படித்தவர்கள் எல்லோரும் சினிமாவுக்குப் போவதில்லை, வரலாறு படித்தவர்கள் எல்லோரும் வரலாற்றாசிரியர் ஆகாததைப் போல. மறுபுறம், சினிமாப் பட்டப்படிப்புகளும் ஃபிலிம் ஏ லெவல் கட்டாயம் என்று பொதுவாகக் கேட்பதில்லை, ஆங்கிலமும் வரலாறும் அவர்களுக்குப் போதும். இதையும் மகளுக்குச் சொல்லுங்கள். இந்த ஒரு பாடம் கிடைக்காவிட்டால் தன் கனவு முடிந்தது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கலாம், அதுவும் பிழை. பள்ளி அனுமதித்தால் ஈபிகியூ என்ற தனி ஆய்வுத் திட்டத்தில், அரை ஏ லெவல் மதிப்பில், ஒரு குறும்படத்தையே படைப்பாகச் சமர்ப்பிக்கலாம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 16 முதல் 19 வயதினருக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. எந்த மூன்று பாடம் படித்தாலும் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் இருக்கும் இடத்தையும் யோசித்துப் பாருங்கள். எல்ஸ்ட்ரீ, லீவ்ஸ்டன், பைன்வூட் என்று இந்த நாட்டின் பெரிய படப்பிடிப்புத் தளங்கள் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஹரோவிலேயே வீல்ட்ஸ்டோனில் 1891 முதல் 2016 வரை புகைப்படப் பொருட்கள் செய்த கொடாக் தொழிற்சாலை இயங்கியது, உங்கள் கணவர் அந்தப் புகைபோக்கியைக் கட்டாயம் பார்த்திருப்பார். அந்தப் படப்பிடிப்புத் தளங்களில் இயக்குநர்கள் மட்டும் வேலை செய்வதில்லை. கணக்காளர், சட்டத்தரணி, தச்சர், மின்னியலாளர், ஒலிப்பதிவாளர், கணினி வரைகலைஞர் என்று எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கிறது. சினிமா ஒப்பந்தங்களைப் பார்க்கும் சட்டத்தரணி என்று ஒரு தொழிலே உண்டு. உங்கள் மகளின் இரண்டு ஆசைகளும் அங்கே சந்திக்கின்றன. அவளுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முடிவு வருவதற்குள்

முன்பு சொன்ன சோதனை இதுதான். மகள் இதுவரை பார்க்காத ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை, முடிந்தால் பேசாப்படம் ஒன்றை, அவள் முழுவதும் பார்க்கட்டும். ஃபோன் பக்கத்தில் இருக்கக்கூடாது. அதில் இரண்டு நிமிடக் காட்சியைத் தெரிவு செய்து, அது ஏன் அப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். பிறகு அம்மம்மாவின் வீடியோவைப் பற்றி ஒரு பக்கம்: எந்த இடத்தில் வெட்டினாள், ஏன்? எழுதும்போது நேரம் போனது தெரியவில்லை என்றால் இது அவளுடைய பாடம். முதல் பந்தியிலேயே அலுத்துவிட்டால், படம் பார்க்கப் பிடிக்கும், படிக்கப் பிடிக்காது என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதை நீங்கள் சொல்ல வேண்டிய தேவை இருக்காது.

பள்ளியிடம் ஒரு சந்திப்புக் கேளுங்கள். மாணவருக்குப் பக்கச்சார்பற்ற தொழில் வழிகாட்டல் கிடைக்கச் செய்வது அவர்களுடைய கடமை. கணவரும் வர வேண்டும். அங்கே கேட்க வேண்டியவை: எந்த வாரியம், எந்தப் படங்கள், ஆசிரியர் எத்தனை வருடமாக இதைக் கற்பிக்கிறார், கடந்த மூன்று வருட முடிவுகள் எப்படி, செப்டம்பர் தொடங்கி எந்தத் தேதி வரை பாடம் மாறலாம். கடைசிக் கேள்வி மிக முக்கியம். பல இடங்களில் முதல் சில வாரங்களுக்குள் மாற விடுவார்கள். அந்தத் தேதியை எழுதிக்கொண்டு வந்தால் உங்கள் கணவருக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் ‘பிள்ளையின் விருப்பத்துக்கு விடுங்கள்’ என்று நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம். அவர் இருபது வருடமாகக் கடையில் நின்றது இதற்கா என்று நினைப்பார். மகள் எழுதும் அந்த ஒரு பக்கத்தை, அம்மம்மா வீடியோவைப் பற்றியதை, அவளே தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை. அவர் தனியாகப் பார்க்கும் வீடியோ அது. எந்த இடத்தில் தனக்குத் தொண்டை அடைக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தை மகள் தெரிந்துதான் அப்படி வெட்டினாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அப்புறம், அந்தக் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியும் என்று மகளிடம் இன்றைக்கே சொல்லி, மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா
(சிக்ஸ்த் ஃபோர்ம் தொழில் வழிகாட்டல் ஆலோசகர், லண்டன்)